பாப்பா விஷயமும் பாலையாவும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பாப்பா ஒரு பையனைப் பற்றிச் சொன்னதையும், நாலு நாளாக நீ அவள் முகம் பார்த்துப் பேசாததையும் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்தோம். ஸ்ரீதர் 1964-ல் எடுத்த படம். காலேஜ் நாளில் மூன்று தடவை போனோமே, அப்போது நம் கண்ணெல்லாம் ரவிச்சந்திரன் மேல். இந்தத் தடவை நான் பாலையாவை மட்டும்தான் பார்த்தேன்.

காதலிக்கிறவர்கள் சீக்கிரமே முடிவு பண்ணிவிடுகிறார்கள். மீதிப் படம் ஓடுவதெல்லாம் பெண்ணைப் பெற்றவருக்காக. வேலை போன அசோக் வீட்டெதிரே கூடாரம் அடிப்பது, பணக்காரர் மகன் என்று பொய் சொல்வது, சிநேகிதன் வாசு கிழவர் வேஷத்தில் அப்பாவாக வந்து, அங்கே தன் காதலியையே பார்ப்பது, எல்லாம் பாலையா நடித்த அந்த அப்பா விஸ்வநாதனுக்காக. ஆள்மாறாட்டம் பழைய சரக்குதான். ஆனால் ஏமாறுகிறவர் மேல் நமக்குப் பாசம் வராவிட்டால் அது வெறும் மோசடி.

அந்தப் பாசம் பேய்க்கதைக் காட்சியில் வந்துவிடுகிறது. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பாவாக, படம் எடுக்கத் துடிக்கிற மகனாக வரும் நாகேஷ், அப்பாவுக்குக் கதை சொல்லிக்கொண்டே சத்தங்களையெல்லாம் வாயாலேயே போடுகிறார். பாலையாவுக்கு வசனமே அதிகமில்லை. உட்கார்ந்த இடத்தில் முகம் சுருங்குகிறது, கண் அங்குமிங்கும் அலைகிறது. மகன் உருப்படவில்லையே என்று எரிந்து விழுகிறவர், அவன் கதைக்குள் குழந்தை மாதிரி போய் விழுகிறார். இந்த மனுஷன் கடைசியில் இறங்கி வருவார் என்று எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது. இங்கே சம்மதிக்க வைக்க வேண்டியது அப்பாவைத்தான். பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைக்கிற படங்கள் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. விஸ்வநாதனுக்குப் பணம் ஒன்றுதான் தடை. அந்தப் பொய்யைச் சொன்னால் கதவு திறந்துவிடுகிறது. நம் ஊரில் தடை வேறு. நீ அந்த வார்த்தையை எழுதவில்லை, “சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க” என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிந்தது மாப்ளே. இந்தப் பையன் வேஷம் எதுவும் போடவில்லை. அவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று பாப்பா உன்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பையனைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல். நீ பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திரு, நான் பேசிக்கொள்கிறேன். அதுவரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கு ராத்திரி பாப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே