கணப்பின் கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் வீட்டில் குளிர்காய எரிவாயு கணப்பு பொருத்தினோம். முதல் நாள் பெயின்ட் தீய்ந்த வாடை வந்ததும் பதறிவிட்டேன். புதுப் பூச்சு சூட்டில் இறுகும்போது அப்படித்தானாம். சன்னலைத் திறந்துவைத்தோம், சரியாயிற்று. கசிவின் அழுகிய முட்டை நாற்றம் வேறு. அது வந்தால் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேற வேண்டும்.

என்னை மிரட்டுவது முன்கண்ணாடிதான். எரியும்போது 200 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டுமாம். அணைத்துச் சற்று நேரம் கழித்து, நெருப்புதான் இல்லையே என்று பேத்தி உள்ளங்கையை நீட்டினாள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்றே கம்பிவலைத் தடுப்பு வந்துவிட்டது.

அப்புறம், எரிவாயு சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடையே கிடையாது. பொருத்த வந்தவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதைக் கண்டறிந்து ஒலிக்கும் அலாரத்தை நானாகத்தான் வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டினேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி