லெட் செப்பெலின் ஞாயிறு: முதல் ஆல்பம்

நண்பர்களே, வணக்கம்.

பேசியபடி பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பெலினை வரிசையாகக் கேட்கப் போகிறோம். 1969 முதல் 1979 வரை 8 ஸ்டுடியோ ஆல்பங்கள், மாதம் ஒன்று. ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ நான்காவதில்தான் வரும், பொறுங்கள்!

வரும் ஞாயிறு, 15ஆம் தேதி, மாலை 6 மணி. எங்கள் வீட்டு மொட்டை மாடி.

1. ஆல்பத்தை ஒரு தடவையாவது ஹெட்போனில் முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள். 9 பாட்டு, முக்கால் மணி நேரம்தான். பாட்டு வரிசையைக் கலைக்காதீர்கள்.

2. முதல் பாட்டில் ஜான் பானமின் கால் டிரம்மைக் கவனியுங்கள். இரண்டு பெடல் என்று தோன்றும், ஒன்றுதான். ‘டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு’ நடுவில் கேட்கும் அந்த முனகல், ஜிம்மி பேஜ் வயலின் வில்லால் கிதாரை இழுப்பது. ‘பிளாக் மவுண்டன் சைடு’ பாட்டில் நம்ம தபலாவும் உண்டு, வாசித்தவர் விராம் ஜசானி. எனக்கு இந்த இரண்டு நிமிடம் போதும்.

3. ஆளுக்கு ஒரு பாட்டு எடுத்துக்கொண்டு 5 நிமிடம் பேச வேண்டும். விக்கிப்பீடியாவைப் பார்த்து வாசித்தால் டீ கிடையாது.

4. இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். 1937இல் எரிந்த ஹிண்டன்பர்க் விமானக் கப்பல் அட்டைப்படத்தில் இருக்கும், பெரிய அளவில் பார்க்கலாம்.

5. கீழ்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பையன் இருப்பதால் 8 மணிக்குச் சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

வருபவர்கள் பாட்டின் பெயரோடு வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.