அவசர சிகிச்சைப் பிரிவில் வலி தணிக்கும் வாயு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் அக்காள் மகன் இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த நிலையில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டான். ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. மருத்துவரும் செவிலியர்களும் ஓய்வின்றி உழைத்தார்கள். ஆனால், காலை நேராக்கிக் கட்டியபோதும், எக்ஸ்ரே மேசைக்கு மாற்றியபோதும் அவன் அலறிய அலறலைக் கேட்கப் பொறுக்காமல் என் அக்காள் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். வலிக்கான ஊசி அதற்கெல்லாம் பிறகுதான் போடப்பட்டது. இங்கிலாந்தில் விபத்துப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஊர் திரும்பியவள் நான். அந்த அலறலில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்க முடியும் என்பதை அறிந்தவள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அங்கே இத்தகைய நோயாளி ஆம்புலன்ஸில் ஏறும்போதே, வலி தணிக்கும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு பாதியும் ஆக்சிஜன் பாதியும் கலந்த சிலிண்டரோடு இணைந்த முகமூடியையோ, வாயில் கவ்வும் குழலையோ அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். என்டோனாக்ஸ் என்பது அக்கலவையின் வணிகப் பெயர். நைட்ரஸ் ஆக்சைடு புதிய மருந்து அன்று. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் 1844-லேயே அதைச் சுவாசித்துக்கொண்டு தம் பல்லைப் பிடுங்கச் செய்தார். இரு வாயுக்களையும் ஒரே சிலிண்டரில் சம அளவில் அடைத்துப் பிரசவ வலிக்குத் தரும் முறையை பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் மைக்கேல் டன்ஸ்டால் 1961-இல் வெளியிட்டார். அதை ஆம்புலன்ஸ் ஊழியர்களின் கையில் கொடுக்கலாம் என்பதை இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதி அனுபவத்தைக் கொண்டு மற்றொரு மயக்கவியல் மருத்துவர் பீட்டர் பாஸ்கெட் 1970-இல் எழுதினார்.

நான் வியந்து பார்த்தது அதன் எளிமையைத்தான். நோயாளி மூச்சை இழுத்தால் மட்டுமே வால்வு திறந்து வாயு வரும். ஓரிரு நிமிடங்களில் வலி மட்டுப்படும். நிறுத்தினால் சில நிமிடங்களில் மயக்கம் தெளிந்துவிடும். அளவு மிஞ்சி உறக்கம் வந்தால் கை தளர்ந்து முகமூடி தானாகவே விழுந்துவிடும். நரம்பு தேடி ஊசி குத்த வேண்டியதில்லை. மார்ஃபின் (morphine) போன்ற கடும் வலி மருந்துகளுக்கு மருத்துவர் உத்தரவும், பூட்டிய அலமாரியும், பதிவேட்டில் கணக்கும் வேண்டும். அவை அவசியமான கட்டுப்பாடுகளே. ஆயினும் அந்த நடைமுறைகள் முடியும் வரை நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? பயிற்சி பெற்ற செவிலியரே தொடங்கக்கூடிய சிகிச்சை இருந்தால் அந்த இடைவெளியில் கைகொடுக்கும்.

இது எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இவ்வாயு இரத்தத்தில் நைட்ரஜனைவிட ஏறத்தாழ 34 மடங்கு அதிகமாகக் கரைவதால், உடலுக்குள் எங்கேனும் காற்று அடைபட்டிருந்தால், அங்குள்ள நைட்ரஜன் வெளியேறும் முன்பே உள்ளே புகுந்து அந்த இடத்தை ஊதிப் பெருக்கிவிடும். விபத்தில் விலா எலும்பு குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவருக்கு இது உயிருக்கே ஆபத்து. குடல் அடைப்பு உள்ளவருக்கும், தலையில் பலத்த அடிபட்டு நினைவு மங்கியவருக்கும் தரக் கூடாது. ஆகவே மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்காமல் முகமூடியை நீட்டக் கூடாது என்பதை எங்களுக்கு முதல் நாளே கற்பித்தார்கள். நாள்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் உடலில் வைட்டமின் பி12 செயலிழந்து நரம்புகள் பாதிக்கப்படும். கட்டுப்போடும் சிறு பொழுதுக்கு அந்தக் கவலை இல்லை. நோயாளி வெளிவிடும் வாயுவை அருகிலுள்ள ஊழியர்களும் சுவாசிக்க நேர்வதால் அவர்களின் நலனும் முக்கியம். காற்றோட்டம் போதாததால் இங்கிலாந்தின் சில பிரசவ அறைகளிலேயே அண்மை ஆண்டுகளில் இதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது. போதைக்காக முகர்வோர் பெருகியதால் 2023 நவம்பரில் அந்நாடு இதைத் தடைசெய்த பொருள்களில் சேர்த்தது. அப்போதும் மருத்துவப் பயன்பாட்டைத் தடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 முதல் ஓடுகிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. உயிரைக் காக்க இவ்வளவு செய்யும் அரசு, வலியையும் சிகிச்சைக்குரியதாகக் கருதி, காற்றோட்டம் நன்றாக உள்ள சில அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இதனைத் தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன். ஆம்புலன்ஸ்களைப் பற்றி அதன் பிறகு முடிவு செய்யலாம்.

பயிற்சியில் ஒன்றை மட்டும் நம் ஊருக்கென்று சேர்க்க வேண்டும். இங்கே நோயாளியைச் சுற்றி உறவினர் நிற்பார்கள். துடிப்பவரைக் கண்டு மனம் பொறுக்காமல் தாயோ மனைவியோ முகமூடியைத் தாமே பிடித்து அழுத்துவார்கள். அப்படிச் செய்தால் கை தளர்ந்து விழும் பாதுகாப்பு போய்விடும். முகமூடியை நோயாளி மட்டுமே பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்