அது யூட்டா ஹிப்பின் தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரிய ஜாஸ் இசைத்தட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் தட்டு நிறுவனத்தின் 1530ஆம் எண் தட்டு இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போவதைச் சொல்லும் இடத்தில், அதை ‘ஜூட் சிம்ஸ் தட்டு’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். சேகரிப்பவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அட்டையில் முதலில் இருக்கும் பெயர் யூட்டா ஹிப். சாக்சஃபோன் வாசித்த சிம்ஸ் அதில் விருந்தாளி. பியானோ வாசித்த அந்த ஜெர்மானியப் பெண்ணின் தட்டு அது. இதைத் திருத்த நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் சிம்ஸுக்காகத்தான் அந்தத் தட்டைத் தேடினேன். எனக்குக் கிடைத்தது ஜப்பான் மறுபதிப்பு. முதல் பக்கம் ‘ஜஸ்ட் புளூஸ்’ என்று தொடங்குகிறது, எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். இரண்டாவது முறை கேட்கும்போது சாக்சஃபோனை விட்டுவிட்டு அதன் அடியில் ஓடும் பியானோவைப் பின்தொடர ஆரம்பித்தேன். அவசரமே இல்லாத வாசிப்பு. சிம்ஸ் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு மூன்று ஸ்வரங்களை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். இன்னும் வாசிக்க இடமிருந்தும் வாசிக்காமல் விடுகிறார். அந்த விட்டுவிடுதல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஒரு நண்பர் தன்னிடம் இருந்த அசல் பதிப்பைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டு முடிந்து லேபிளைச் சுற்றி வெறுமையாக ஓடும் கறுப்பு வளையத்தை விளக்கில் சாய்த்துப் பார்த்தோம். ஒலிப்பதிவு செய்து, அச்சுக்கான மூலத் தட்டையும் வெட்டிய ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகள் அங்கே கீறப்பட்டிருந்தன. பக்கத்தில் காது போல வளைந்த ஒரு சிறு குறி. தட்டு அச்சான ஆலையின் அடையாளம் அது. லேபிளில் நியூயார்க், லெக்ஸிங்டன் அவென்யூ முகவரி. இந்த மூன்றையும் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். நண்பர் நல்லவர், தட்டை ஊசியில் வைக்கவும் சம்மதித்தார். சலசலப்பையும் மீறி, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் வான் கெல்டர் வீட்டு வரவேற்பறையில் நடந்த பதிவு கண்முன் வந்து நின்றது. சிம்ஸோடு ஜெரி லாயிட் டிரம்பெட், அஹ்மத் அப்துல் மாலிக் பாஸ், எட் திக்பென் டிரம்ஸ். தேதி 1956 ஜூலை 28. அதற்குப் பிறகு யூட்டா ஹிப் தட்டு எதுவும் பதிவு செய்யவில்லை. அப்போது அவருக்கு வயது 31.

அவர் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1925இல் லைப்ஸிக்கில் பிறந்தவர், ஓவியம் படித்தவர். நாஜி ஆட்சியில் ஜாஸ் வேண்டாத இசை. போர்க்காலத்தில் தடைசெய்யப்பட்ட வானொலி நிலையங்களில் அதைத் திருட்டுத்தனமாகக் கேட்டு மெட்டுகளை எழுதிவைத்துக்கொண்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். 1946இல், போருக்குப் பின் சோவியத் படைகளின் பிடியில் இருந்த பகுதியிலிருந்து மேற்கே ஓடிவந்தார். 1954 ஏப்ரலில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவருடைய ஐவர் குழு பதிவு செய்ததை, விமர்சகர் லெனர்ட் ஃபெதரின் முயற்சியால் புளூ நோட் பத்து அங்குலத் தட்டாக வெளியிட்டது. அந்த நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் லயனும் ஃபிரான்சிஸ் வுல்ஃபும் பெர்லினை விட்டு வந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் பிரிந்த நாட்டிலிருந்து, அவர்கள் நேசித்த இசை இப்படித் திரும்பி வந்தது.

1955இன் இறுதியில் யூட்டா நியூயார்க் போனார். 52ஆம் தெருவில் ஹிக்கரி ஹவுஸ் என்ற உணவு விடுதி. நடுவில் மதுக்கூடம், அதன் நடுவில் மேடை. அங்கே பீட்டர் இண்ட் பாஸிலும் திக்பென் டிரம்ஸிலும் துணையிருக்க, மாதக்கணக்கில் வாசித்தார். 1956 ஏப்ரல் 5ஆம் தேதி பதிவு இரண்டு தட்டுகளாக வந்தது, எண்கள் 1515, 1516. ஆக, அமெரிக்காவில் அவர் பெயரில் வந்த மூன்று தட்டுகளும் நான்கே மாதத்துக்குள் பதிவானவை.

உங்கள் கட்டுரையில் ஒரு வரி எனக்கு வருத்தமாக இருந்தது. ‘ஹொரஸ் சில்வரைப் பின்பற்றிய பியானோக் கலைஞர்’ என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அன்றைய விமர்சகர்களும் இதையே சொன்னார்கள். அந்த அமெரிக்க பியானோக் கலைஞர் சில்வரின் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட் பதிவைக் கேளுங்கள். அதில் இன்னொரு அமெரிக்க பியானோக் கலைஞரான லெனி டிரிஸ்டானோ வழி வந்த நீளமான, குளிர்ந்த வரிகள். இரண்டே ஆண்டில் அவை சுருங்கி, கனத்து, புளூஸ் ஏறி நிற்கின்றன. ஊர் மாறியதும் காதும் மாறிய ஒருவரை அந்தத் தட்டுகளில் நாம் கேட்கிறோம். நகலெடுப்பவருக்கு இவ்வளவு தூரம் நடக்க வேண்டிய தேவை இல்லை. இன்னும் ஐந்து ஆண்டு வாசித்திருந்தால் எங்கே போய் நின்றிருப்பார் என்ற ஆதங்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

வாசிக்கவில்லை. மேடைக் கூச்சமும் குடியும் அவரை அரித்தன. ஓர் உடை நிறுவனத்தில் தையல் வேலைக்குச் சேர்ந்தார். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த வேலை. குவீன்ஸ் பகுதியில் தனியாக வாழ்ந்தார், வாட்டர் கலரில் வரைந்தார், தனக்குத் தெரிந்த ஜாஸ் கலைஞர்களைக் கேலிச்சித்திரமாகத் தீட்டினார். அவருடைய தட்டுகளின் விலை ஏறிக்கொண்டே போனது. ராயல்டியை எங்கே அனுப்புவது என்று புளூ நோட்டுக்கே நெடுநாள் தெரியவில்லை. முதுமையில்தான் அவரைக் கண்டுபிடித்து, அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். 2003 ஏப்ரலில் காலமானார்.

அசல் பதிப்பு நம்மில் பலருக்கு எட்டாது, பரவாயில்லை. மறுபதிப்புகள் இருக்கின்றன. அவர் அமெரிக்கா போவதற்கு முன் ஜெர்மனியில் வாசித்த பதிவுகளும் 2013இல் குறுந்தட்டாக வந்தன. உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் 1530 என்ற எண்ணுக்கு நேரே யூட்டா ஹிப் என்ற பெயரைப் போடுங்கள். இடமிருந்தால் அதே தட்டில் உள்ள ‘வயலட்ஸ் ஃபார் யுவர் ஃபர்ஸ்’ என்ற மெதுவான பாட்டைக் கேட்கும்படி வாசகர்களுக்கு ஒரு வரி சேருங்கள். சிம்ஸ் அதில் உருக்கமாக வாசிக்கிறார். நான் கேட்கச் சொல்வது, அவருக்குப் பின்னால் வரும் பியானோவை.

அன்புடன்,
உங்கள் வாசகர்