பேச்சும் பதிவேட்டில் ஏறட்டும்: பர்ராங்கோஸ் நகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

போர்ச்சுகல் நாட்டின் பெஜா மாவட்டத்தைச் சேர்ந்த பர்ராங்கோஸ் நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் ஊரில் எனக்கு வீடோ நிலமோ வாக்கோ கிடையாது. மொழிகளின் வரலாற்றைப் பல ஆண்டுகளாக வாசித்துவரும் ஒரு தமிழன் என்பதைத் தவிர, உங்களுக்கு எழுத எனக்கு வேறு தகுதியும் இல்லை. ஆயினும் உங்கள் மன்றத்தின் முன் ஒரு கோரிக்கையை வைக்க விரும்புகிறேன். மன்றக் கூட்டங்களில் உறுப்பினர்களும் ஊராரும் உங்கள் ஊருக்கே உரிய பர்ராங்கென்யு மொழியில் பேசுவதைப் பேசியபடியே ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் பெயர்த்து, நகராட்சியின் நிரந்தர ஆவணமாக வைக்க வேண்டும். ஊரின் முதியவர்களிடம் மிஞ்சியிருக்கும் நினைவுகளையும் அதே மொழியில், அதே ஆவணத்தில் சேர்க்க வேண்டும்.

இதைக் கேட்கத் தமிழனுக்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் அலென்தேஜோ பகுதியின் விலா விசோசாவில் 1520-இல் பிறந்த என்றிக்கே என்றிக்கஸ் என்ற பாதிரியார், 1540-களின் பிற்பகுதியில் எங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். நாங்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்கிறோம். அவர் வந்தது மதம் பரப்புவதற்காக. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணிக்காக அவர் மீனவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, கேட்டபடியே போர்ச்சுகீசிய எழுத்தில் குறித்துக்கொண்டு, தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அன்றைய தமிழ்ப் புலவர்கள் பெரும்பாலும் இலக்கிய வழக்கையே எழுத்துக்கு உரியதாகக் கருதினார்கள். வலை இழுப்பவரும் முத்துக் குளிப்பவரும் 16-ஆம் நூற்றாண்டில் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இன்று எங்களிடம் இருக்கும் சான்றுகளில் அந்தக் கையெழுத்துப் படியும் முக்கியமான ஒன்று. எங்கள் பேச்சைப் பேச்சாகவே மதித்துக் குறித்துவைத்தவர் உங்கள் மண்ணில் பிறந்தவர். அந்த நன்றியோடுதான் இம்மடலை எழுதுகிறேன்.

உங்கள் நகராட்சி பர்ராங்கோஸில் தோன்றியதன்று என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அர்டிலா, முர்த்தெகா என்னும் இரு ஆறுகளுக்கு இடையே உயர்ந்து நிற்கும் நோடார் கோட்டையே அதன் பழைய தலைமையிடம். 1295-இல் தினிஸ் மன்னர் நோடாருக்கு ஃபொரால் என்னும் உரிமைச் சாசனத்தை வழங்கினார். குடிகள் செலுத்த வேண்டிய வரி என்ன, அவர்களுக்குரிய உரிமை என்ன, வழக்கை யார் தீர்ப்பது என்பவற்றை எழுத்தில் உறுதிசெய்த ஆவணம் அது. போர்ச்சுகலின் உள்ளாட்சி அத்தகைய சாசனங்களிலிருந்தே வளர்ந்தது. இன்றைய ஸ்பெயினில் அடங்கிய காஸ்டில் நாட்டை ஒட்டிய அந்த எல்லைக்கு வந்து குடியேற யாரும் துணியாததால், 1308-இல் நோடார் தப்பியோடியவர்களுக்கான புகலிடமாக அறிவிக்கப்பட்டது. சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக வேறு எந்த வழக்கில் தேடப்படுபவரும் அங்கே வந்து குடியிருந்தால் அரசின் கை அவரைத் தீண்டாது. போர்ச்சுகலில் இவ்வகைப் புகலிடங்களுள் அதுவே முதலாவது. 1513-இல் மனுவேல் மன்னர் சாசனத்தைப் புதுப்பித்தார். காலப்போக்கில் மக்கள் பர்ராங்கோஸுக்கு நகர, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிர்வாகமும் அவர்களைப் பின்தொடர்ந்து வந்தது. 1910-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோட்டை இன்று ஆளின்றி நிற்கிறது.

அரசாங்கங்கள் வரைந்த எல்லைக்கோடு உங்கள் பகுதியில் நெடுங்காலம் உறுதிப்படவே இல்லை. மோரா, அரோச்சே, என்சினசோலா ஆகிய ஊர்கள் பொதுவில் மேய்த்துவந்த கொன்தென்தா நிலத்தைப் போர்ச்சுகலும் ஸ்பெயினும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் 1893-இல்தான் கையெழுத்தானது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்து குடியேறியோரும், அங்கே பெண் கொடுத்து எடுத்தோரும், இரவில் சரக்குக் கடத்திப் பிழைத்தோரும் சேர்ந்து வாழ்ந்த ஊரில் விளைந்த மொழி பர்ராங்கென்யு. அதன் அடித்தளம் போர்ச்சுகீசியம். அதன் ஒலியிலும் சொல்லிலும் தொடரமைப்பிலும் தென்ஸ்பெயினின் பேச்சு ஊறிக் கிடக்கிறது. சொல்லின் கடைசியில் நிற்கும் ‘ஸ்’ வெறும் மூச்சாகத் தேய்ந்துபோகும், ஈற்றில் வரும் ‘ர்’, ‘ல்’ ஒலிகள் உதிரும், ‘வ’ ஒலி ‘ப’கரத்தின் மெல்லொலியோடு கலந்துவிடும். மொழியியலறிஞர் ஜோசே லெய்த்தே தெ வாஸ்கொன்செலோஸ் தம் முதுமையில் இந்தப் பேச்சை ஊன்றி ஆராய்ந்தார். 1941-இல் அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 1955-இல்தான் அந்த ஆய்வு அச்சேறியது.

அச்சில் ஏறியதால் மட்டும் மதிப்பு வந்துவிடவில்லை. பர்ராங்கென்யு பேசியவர்கள் நெடுங்காலம் ‘போர்ச்சுகீசியம் சரியாகத் தெரியாதவர்கள்’ என்றே வெளியூரில் எண்ணப்பட்டார்கள். வீட்டில் ஒரு பேச்சும் பள்ளியில் வேறொரு பேச்சுமாக வளர்ந்த குழந்தை, தன் தாயின் சொல்லைப் பிழையென்று நினைக்கக் கற்றுக்கொள்கிறது. மொழி அழியத் தொடங்குவது அந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே, பர்ராங்கென்யு மொழியைக் காக்கவும் வளர்க்கவும் 2021 டிசம்பர் 30 தேதியிட்ட 97/2021 எண் சட்டத்தைப் போர்ச்சுகல் நாடாளுமன்றம் இயற்றியபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். போர்ச்சுகலின் வடகிழக்கில் பேசப்படும் மிராண்டேஸ் மொழிக்கு 1999-இல் கிடைத்ததைப் போன்ற ஏற்பு, 1,500-க்கும் குறைவான மக்கள் வாழும் உங்கள் நகராட்சியின் மொழிக்கும் கிடைத்தது.

ஒரு சிறிய ஊர் நாடாளுமன்றத்தை அசைத்தது உங்களுக்குப் புதிதும் அன்று. ஆகஸ்ட் திருவிழாவில் காளையைக் களத்திலேயே கொல்லும் வழக்கம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருந்தும் உங்கள் ஊர் அதைக் கைவிட மறுத்தது. தொடர்ந்து நிலவிவந்த உள்ளூர் மரபுகளுக்கு விலக்களிக்கும் சட்டம் 2002-இல் நிறைவேறியது. அவ்வழக்கத்தின் நன்மை தீமை பற்றிப் பேச இது இடமன்று. ஒரு மரபுக்காக அவ்வளவு உறுதியோடு நின்ற ஊர், அந்த மரபைப் பற்றி அது பேசும் மொழிக்காகவும் அதே உறுதியோடு நிற்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

2021-ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே செய்ய வேண்டிய வேலை உள்ளாட்சியினுடையது. பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நகராட்சி இம்மொழிக்காக உழைத்துவருவதை அறிவேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எனினும் ஆய்வும் விழாவும் தொடாத ஓரிடம் இருக்கிறது. ஊரின் காரியங்கள் முடிவாகும் இடம் அது. சட்டப்படி உங்கள் மன்றம் ஆண்டுக்கு ஐந்து முறை வழக்கமாகக் கூடுகிறது. கூட்டங்கள் எவரும் வந்து கேட்கலாம் என்ற முறையில் திறந்திருக்கின்றன. ஊரார் எழுந்து கேள்வி கேட்கவும் நேரம் ஒதுக்கப்படுகிறது. போர்ச்சுகலின் 308 நகராட்சிகளில் ஒரேயொரு ஃப்ரெகெசியாவை, அதாவது ஒரே ஊராட்சியை மட்டும் கொண்டவை மிகச் சில. உங்களுடையது அவற்றுள் ஒன்று. ஊராட்சியின் எல்லையும் நகராட்சியின் எல்லையும் ஒன்றே ஆனதால், தெருவில் பேசும் அதே மக்கள் அதே வாயோடு மன்றத்துக்கும் வருகிறார்கள். தண்ணீர்க் குழாயைப் பற்றியும் சாலையைப் பற்றியும் மருத்துவரின் வருகை நாளைப் பற்றியும் ஒருவர் தன் மொழியில் முறையிட்டு, அது பதிவேட்டில் ஏறும்போது லிஸ்பன் நடைப் போர்ச்சுகீசியமாக மாறிவிடுமானால், அவர் சொன்ன செய்தி நிற்கும். அவருடைய குரல் நிற்காது.

அதிகாரப்பூர்வ நடவடிக்கைக் குறிப்பு போர்ச்சுகீசியத்தில் இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். மாவட்டத்திலும் தலைநகரிலும் அதைப் படிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்; சட்டத்தின் தேவையும் அதுவே. நான் கேட்பது அதற்கு ஓர் இணைப்பு மட்டுமே. கூட்டத்தின் ஒலிப்பதிவும், அதில் பர்ராங்கென்யுவில் பேசப்பட்ட பகுதிகளின் எழுத்துப் பெயர்ப்பும் அந்த இணைப்பில் இருந்தால் போதும். எழுத்துமுறையில் சிறு கருத்து வேறுபாடுகள் எழலாம். அவை தீரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றே வேண்டுவேன். அண்டிரிக் அடிகளார் எழுதிய போது பேச்சுத் தமிழைப் போர்ச்சுகீசிய எழுத்தில் குறிக்க நிலையான ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை; அவர் குறித்ததில் தடுமாற்றங்கள் உண்டு; அந்தத் தடுமாற்றங்களிலிருந்தே இன்றைய அறிஞர்கள் அன்றைய ஒலியை மீட்டெடுக்கிறார்கள். உங்களிடமோ ஒலியையே பிடித்துவைக்கும் கருவி இருக்கிறது. தனியுரிமை குறித்துத் தயக்கம் இருந்தால், பேசுபவரின் இசைவைக் கேட்டுப் பெறும் விதியை மன்றமே வகுக்கலாம்.

முதியவர்களின் நினைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னை மிகவும் பதறச் செய்வது இதுதான். 1936 செப்டம்பரில் ஸ்பானிய உள்நாட்டுப் போருக்கு அஞ்சி, குடியரசை எதிர்த்துக் கிளர்ந்த தளபதி ஃப்ராங்கோவின் படை நெருங்க நெருங்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து உங்கள் நிலத்துக்கு வந்தார்கள். லிஸ்பனில் சர்வாதிகாரி சலசாரின் அரசு ஃப்ராங்கோவின் பக்கம் நின்றது. வேறு இடங்களில் அகதிகள் திருப்பி ஒப்படைக்கப்பட்டு உயிரிழந்தார்கள். கொய்த்தாதின்யா, ருசியானாஸ் ஆகிய இரு பண்ணை நிலங்களில் தங்கியிருந்தவர்களை எல்லைக் காவல் அதிகாரி அன்டோனியோ அகுஸ்டோ தெ செய்ஷாஸ் காத்தார். ருசியானாஸ் முகாமை மேலிடத்துக்குத் தெரிவிக்காமலே நடத்தினார். அதற்காகப் பின்னர் தண்டிக்கவும் பட்டார். அக்டோபரில் அந்த மக்கள் நியாசா என்ற கப்பலில் ஏறி, ஸ்பெயினில் குடியரசின் வசமிருந்த தர்ரகோனாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செய்ஷாஸின் பெயர் வரலாற்றில் ஏறிவிட்டது, ஏற வேண்டியதே. ஆனால் தங்களுக்கே போதாத காலத்தில் ரொட்டியும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்த ஊர்ப் பெண்கள் இரவில் அடுப்படியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்தக் காவல் அறிக்கையிலும் இராது. அன்று ஆறு வயதாக இருந்த குழந்தைக்கு இன்று தொண்ணூறு கடந்திருக்கும். தாயிடம் அதைக் கேட்டு வளர்ந்தவர்களே இப்போது முதியவர்கள். அந்தக் கதைகள் சொல்லப்பட்ட மொழி பர்ராங்கென்யு. வேறு மொழியில் மாற்றிச் சொல்லச் சொன்னால் அவர்கள் சுருக்கிச் சொல்வார்கள், பாதியில் நிறுத்துவார்கள்.

இப்பணியை வெளியாரிடம் முழுவதுமாக ஒப்படைத்துவிட வேண்டாம் என்றும் வேண்டுகிறேன். ஆய்வாளர்கள் வருவார்கள், திட்டக்காலம் முடிந்ததும் போவார்கள். பதிவுகள் தொலைவில் ஏதோ ஒரு அலமாரியில் தங்கிவிடும். பதிவின் மூலப்படி நகராட்சியின் உடைமையாக, பர்ராங்கோஸிலேயே இருக்க வேண்டும். பள்ளி மாணவர்களைக் கொண்டு அதைப் பதிவுசெய்தால், தாத்தாவின் பேச்சைப் பிழையென்று எண்ணிய பிள்ளையே அதை எழுத்தில் பெயர்க்க உட்காரும். செலவும் பெரிதன்று: ஓர் ஒலிப்பதிவுக் கருவி, ஒரு பகுதிநேரப் பணியாளர், சேமிக்க ஓர் இடம்.

நவம்பரிலோ டிசம்பரிலோ கூடும் ஐந்தாவது வழக்கக் கூட்டத்தில் வரும் ஆண்டின் திட்டமும் வரவு செலவும் உங்கள் முன் வரும். அதில் இதற்கென ஒரு சிறு தலைப்பைச் சேர்த்து, அந்தத் தீர்மானத்தை முன்மொழிபவர் பர்ராங்கென்யுவிலேயே முன்மொழிந்து, அது ஒலியாகவும் எழுத்தாகவும் இணைப்பில் முதல் பக்கமாக அமையும்படி செய்ய வேண்டுகிறேன்.

மதிப்புடனும் நன்றியுடனும்,
ஒரு தமிழ் வாசகன்