நோயாளிகளை எண்ணினால் போதாது, மணல் ஈக்களையும் எண்ண வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் ஒழிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வங்கதேசம் 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்புச் சான்றைப் பெற்றதும், பிகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களில் நோய் பெருமளவு குறைந்திருப்பதும் உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் செய்திகள். ஆனால் நோயைப் பரப்பும் மணல் ஈயைப் பற்றி அத்தனை நீளக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பூச்சியியல் களப்பணியில் இருந்தவன் நான். நோயாளிகள் குறையக் குறைய, "இனி எதற்கு ஈயைப் பிடித்துக்கொண்டு" என்ற பேச்சு வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு ஆபத்தானது என்பதால்தான் எழுதுகிறேன்.

மணல் ஈ இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் புகுந்துவிடும். காதருகே ரீங்காரம் கேட்காது. அதிக தூரம் பறக்காது, சுவரில் தத்தித் தத்திப் போகும். கொசு தண்ணீரில் முட்டையிடுவதால், தேங்கிய நீரை முகந்து புழுக்களை எண்ணிவிடலாம். மணல் ஈயிடம் அந்த வழி செல்லாது. அதன் புழு வளர்வது சாணமும் ஈரமும் கலந்த மாட்டுக்கொட்டில் மண்ணில், சுவர் வெடிப்புகளில். அங்கே தேடிக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். எனவே வளர்ந்த ஈக்களைப் பிடித்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

பிடிப்பதற்குச் சில முறைகள் உண்டு. விடியற்காலையில் டார்ச் அடித்து, சுவரில் உட்கார்ந்திருக்கும் ஈயை உறிஞ்சு குழாயால் எடுப்பது ஒன்று. ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடித்தார் என்று இதில் கணக்கு வைப்போம். ஆமணக்கெண்ணெய் தடவிய தாளை வைத்து ஒட்டவைப்பது இன்னொன்று. இப்போது அதிகம் பயன்படுவது பேட்டரியில் ஓடும் விளக்குப் பொறி. சிறிய பல்பின் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளை விசிறி கீழே இழுத்து, நெருக்கமான நெசவுள்ள பையில் தள்ளிவிடும். பொழுது சாயும்போது மாட்டிவிட்டுக் காலையில் எடுக்க வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் இந்த எண்களை நம்பும்படி எடுப்பது பெரிய பாடு. பலத்த காற்று வீசினால் ஈ பறக்காது. நிலா வெளிச்சத்தில் விளக்குப் பொறியின் கவர்ச்சி குறையும். பொறியை மாட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் ஓர் எண், படுக்கையறையில் தொங்கவிட்டால் வேறோர் எண். இந்த மாதம் ஒரு வீடு, அடுத்த மாதம் வசதிப்பட்ட இன்னொரு வீடு என்று மாற்றிக்கொண்டே போனால், ஈ கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே வீடுகளில், அதே இடத்தில், மாதாமாதம், பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம்.

அப்புறம் இனம் பிரிப்பது. பையில் விழுந்ததெல்லாம் ஒரே ஈ இல்லை. கருங்காய்ச்சலை இந்தியத் துணைக்கண்டத்தில் பரப்புவது ஃப்ளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற இனம். அதே பையில் செர்ஜென்டோமியா வகை ஈக்களும் கிடக்கும். அவை பெரும்பாலும் பல்லி, தவளை போன்றவற்றைக் கடிப்பவை. ஒவ்வோர் ஈயையும் கண்ணாடிச் சில்லில் ஏற்றி, நுண்ணோக்கியில் அதன் உள்ளுறுப்புகளைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கடிப்பது பெண் ஈ மட்டுமே என்பதால் ஆண், பெண் கணக்கும் தேவை. இதற்குப் பழகிய கண் வேண்டும், அந்தக் கண் பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். "மொத்தம் இத்தனை மணல் ஈ" என்று மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கையால் எந்தப் பயனும் இல்லை.

மணல் ஈயின் மீது சந்தேகம் விழுந்ததே இப்படிப்பட்ட கணக்கெடுப்பால்தான். நோய்க் கிருமியை லெய்ஷ்மனும், மதராஸில் பணியாற்றிய டோனவனும் 1903-இல் அறிவித்தார்கள். எது பரப்புகிறது என்பது அதற்குப் பிறகும் நெடுங்காலம் விளங்கவில்லை. 1920-களில் சின்டன் என்ற ஆய்வாளர், அர்ஜென்டிபெஸ் ஈ பரவியிருக்கும் பகுதிகளும் கருங்காய்ச்சல் உள்ள பகுதிகளும் ஒத்துப்போவதைக் கவனித்தார். அந்த ஈ கடித்து மனிதருக்கு நோய் வருகிறது என்பதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் 1942-இல் நிரூபித்தார்கள். எங்கே எந்த ஈ இருக்கிறது என்று பொறுமையாகக் குறித்து வைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தடயமே கிடைத்திருக்காது.

ஈயைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1950-களில் மலேரியாவுக்காக டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தபோது மணல் ஈயும் சேர்ந்து மடிந்தது, கருங்காய்ச்சல் ஏறக்குறைய மறைந்தது. தெளிப்பு நின்றபின், 1970-களில் பிகாரில் பெருந்தொற்றாகத் திரும்பி வந்தது. பிற்பாடு மறுபடியும் டிடிடி தெளித்தார்கள். ஆனால் காலப்போக்கில் ஈக்கள் அதைத் தாங்கப் பழகிவிட்டன. சுவரில் மருந்து இருக்கும், அதன் மேலேயே ஈயும் உட்கார்ந்திருக்கும். உயிருள்ள ஈக்களைப் பிடித்து மருந்தில் வைத்துச் சோதித்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. 2015-16 வாக்கில் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துக்கு மாறினார்கள். இந்த மருந்துக்கும் ஒரு நாள் அதே கதி நேரலாம். அதை முன்கூட்டியே சொல்லப்போவது நோயாளிகளின் பட்டியல் அல்ல.

ஏனென்றால் கருங்காய்ச்சல் கடித்த மறுநாள் வருவதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். இன்று ஒரு நோயாளி பதிவானால், பரவல் பல மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். குணமானவர்களில் சிலருக்குப் பின்னாளில் தோலில் தேமலும் முடிச்சும் வரும். வலி இருக்காது, வேலைக்குப் போவார்கள், மருத்துவரிடம் போகத் தோன்றாது. அவர்களைக் கடிக்கும் ஈ கிருமியை எடுத்துக்கொள்ளும். நோயாளிகள் குறைவாக இருக்கும் ஊரில் ஈக்கள் நிறைய இருந்தால், அப்படி ஒருவர் இருந்தாலே போதும், நோய் மறுபடி தொடங்கிவிடும்.

கருங்காய்ச்சலோடு முடியும் விஷயமும் அல்ல இது. 1965-இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்ட சண்டிபுரா வைரஸையும் மணல் ஈக்கள்தான் பரப்புகின்றன. 2003-இல் ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும், 2024-இல் குஜராத்திலும் அது குழந்தைகளைப் பலிகொண்டது. காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் உயிர் போய்விடுகிறது. குழந்தைகள் இறந்த பிறகு பொறியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடுவதை எப்படிக் கணக்கெடுப்பு என்று சொல்வது?

இந்த வேலைக்கு வேண்டிய பொறியும் பேட்டரியும் பெரிய செலவல்ல. ஆள்தான் வேண்டும். பூச்சி சேகரிப்பாளர் ஓய்வுபெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. தற்காலிகமாக எடுக்கப்படுபவர் இனம் பிரிக்கக் கற்று முடிக்கும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. ஒழிப்புச் சான்று வாங்கிய பின்னும் குறைந்தது சில கண்காணிப்பு ஊர்களிலாவது நிரந்தரப் பணியாளர்கள் இருந்தாக வேண்டும்.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, நோயாளிகளின் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். மருந்து தெளிப்பதற்கு முன்பும் பின்பும் ஈக்கள் எத்தனை, அவற்றில் அர்ஜென்டிபெஸ் எத்தனை, தெளிக்கும் மருந்துக்கு ஈ சாகிறதா என்ற சோதனை கடைசியாக நடந்தது எப்போது, பூச்சியியல் பணியிடங்களில் எத்தனை காலி என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூச்சியியல் களப்பணியாளர்