மூச்சும் மணமும் மீட்டுத் தந்தோருக்கு நன்றி மடல்

கோயம்புத்தூரில் எனக்குச் சைனஸ் அறுவை சிகிச்சை செய்த காது மூக்கு தொண்டைப் பிரிவினருக்கும், குன்னூரில் என் பணிச்சுமையைத் தம் தோளில் ஏற்ற நண்பர்களுக்கும், என் வீட்டாருக்கும்,

வணக்கம்.

தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது என் தொழில். கசப்பையும் துவர்ப்பையும் நாக்கு அறியும். ஆனால் ஒரு தோட்டத்துத் தேயிலையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது மூக்குதான். ஊறிய இலையை முகர்ந்தால் வெறும் வெந்நீர் ஆவி மட்டுமே தெரியும் நிலைக்கு நான் வந்தபோது, என் சோறே கேள்விக்குறியாயிற்று. அந்த நிலையில் உங்களிடம் வந்த எனக்கு நீங்கள் செய்தவற்றைப் பொதுவில் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகவே இம்மடல்.

மருத்துவர் ஐயா, என் முதல் நன்றி நீங்கள் உடனே அறுவை சிகிச்சை செய்யாமல் இருந்ததற்கு. மூக்குத் தொல்லை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால்தான் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி, அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் உள்ள காற்றறைகளான சைனஸ்களின் நீடித்த வீக்கம், என்பதையும், என் மூக்கின் இரு பக்கமும் சதை வளர்ந்திருப்பதையும், மூக்கினுள் விட்டுப் பார்க்கும் நோக்கியான என்டோஸ்கோப்பின் திரையை என் பக்கமே திருப்பிவைத்துக் காட்டினீர்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதையும் ஸ்டீராய்டு தெளிப்பானையும் முதலில் முறையாகச் செய்யச் சொல்லி, மருந்தால் வடியக்கூடிய வீக்கமெல்லாம் வடிந்த பிறகே சி.டி. ஸ்கேன் எடுக்க அனுப்பினீர்கள்.

விளம்பரங்களில் பார்த்த பலூன் முறையை எனக்கும் செய்ய முடியுமா என்று நான் கேட்டபோது நீங்கள் சொன்ன பதில் இன்றும் நினைவில் இருக்கிறது. அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெற்ற அந்த முறையில், சைனஸின் இயற்கைத் திறப்பான வாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திப் பலூனை ஊதி, சதையையோ எலும்பையோ வெட்டி எடுக்காமல் அந்தத் திறப்பை அகலப்படுத்துகிறார்கள் என்றும், தகுந்த நோயாளிக்கு அது நல்ல முறையே என்றும் விளக்கினீர்கள். ஆனால் கண்களுக்கு நடுவே உள்ள சைனஸ் பல சிறு அறைகளாகப் பிரிந்திருப்பதால் அங்கே பலூனுக்கு வேலையில்லை. மூக்கை அடைத்துள்ள சதையையும் பலூன் அகற்றாது. ஒரே முறை பயன்படுத்தி எறிய வேண்டிய அந்த விலையுயர்ந்த கருவியை நீங்கள் பரிந்துரைத்திருந்தால், மறுபேச்சின்றிப் பணம் கட்டியிருப்பேன். எதற்கெடுத்தாலும் 'நிரந்தரத் தீர்வு' என்று பலகை வைக்கும் காலத்தில் இந்த நேர்மையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வரைபடம் போட்டு விளக்கிய முதுநிலை மாணவியான இளம் மருத்துவருக்கும் நன்றி, அம்மா. என் பெரியப்பாவுக்கு அந்தக் காலத்தில் மேலுதட்டின் உட்புறம் கீறி, கன்ன எலும்பில் துளையிட்டு அறுவை செய்தார்கள். அதனால் எனக்கும் அச்சம் இருந்தது. கன்னச் சைனஸின் இயற்கை வாய், கூரையை ஒட்டி வடிகால் வைத்த அறையைப் போல மேலே இருக்கிறது என்றும், உட்சுவரின் நுண்மயிர்கள் சளியை எப்போதும் அந்த வாயை நோக்கியே தள்ளுகின்றன என்றும், கீழே புதிதாகத் துளையிட்டாலும் சளி அதைத் தாண்டிப் பழைய வாய்க்கே போகிறது என்றும் நீங்கள் சொன்னீர்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர் கண்டறிந்த இந்த உண்மையையும், ஹெரால்டு ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு நோக்கியையும் அடித்தளமாகக் கொண்டே, 1980-களில் ஹைன்ஸ் ஸ்டாம்பெர்கர், டேவிட் கென்னடி ஆகிய மருத்துவர்கள் மூக்கின் வழியாகவே நோக்கியைச் செலுத்திச் செய்யும் இன்றைய அறுவை முறையைப் பரப்பினார்கள் என்று கேட்டபோது, என் மூக்கில் செய்யப்போவது துளையிடுவதன்று, அடைபட்ட பாதையைத் திறந்துவிடுவது என்பது விளங்கியது. முகத்தில் தழும்பு இல்லாததைவிட இந்தத் தெளிவுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

மயக்க மருந்து மருத்துவரை நோயாளிகள் மறந்துவிடுகிறார்கள். நான் மறக்க விரும்பவில்லை. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நோக்கியின் முனையில் சிறிது இரத்தம் படிந்தாலும் பார்வை மறைந்துவிடும். கண்குழிக்கும் சைனஸுக்கும் இடையிலிருப்பதோ தாள் போன்ற மெல்லிய எலும்பு. தலையைச் சற்று உயர்த்திவைத்து, இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் அளவோடு தாழ்த்தி, அறுவை செய்தவரின் கண்ணுக்குத் தெளிவைத் தந்தவர் நீங்கள்.

செவிலியர் அனைவருக்கும் என் வணக்கம். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கழுவுவதற்குக் காய்ச்சி ஆறவைத்த நீரையே பயன்படுத்த வேண்டும் என்று, நான் ஒப்பிக்கும்வரை நீங்கள் விடவில்லை. உறைந்த இரத்தத்தையும் பொருக்கையும் மறுபரிசோதனைகளில் பொறுமையாக அகற்றியிராவிட்டால், திறந்த பாதை மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று பிறகுதான் அறிந்தேன்.

குன்னூர்க் குளிரில் இரவுதோறும் நீர் காய்ச்சி வைத்த என் துணைவியாருக்கு நன்றி சொன்னால் சிரிப்பார், ஆயினும் சொல்கிறேன்.

மணம் ஒரே நாளில் திரும்பவில்லை. முதலில் தெரிந்தது மலைப்பாதைப் பேருந்தின் டீசல் புகை. அதைக்கூட நான் மகிழ்ச்சியோடு முகர்ந்தேன். இப்போது தேயிலையின் மணங்களில் பெரும்பாலானவை தெரிகின்றன. சதை மீண்டும் வளரக்கூடும் என்று எச்சரித்திருக்கிறீர்கள். எனவே தெளிப்பானையும் கழுவுதலையும் தொடர்கிறேன், மறுபரிசோதனைக்கும் தவறாமல் வருவேன்.

என் மேசையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அலுவலக நண்பர்களே, ஏலத்துக்கு முந்தைய நெருக்கடியிலும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் மரபு முறையில் உருட்டித் தயாரிக்கும், நுண்ணிய மணமுள்ள ஆர்த்தடாக்ஸ் இலைகளில் என் கணிப்பை இன்னும் சிறிது காலம் உங்களில் ஒருவர் சரிபார்த்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
குன்னூரிலிருந்து ஒரு தேயிலைச் சுவைப்பாளன்